சாவி 366, பூட்டு ஊர்ப்பட்டது

ஏப்பா தம்பி, கொஞ்சம் தள்ளி உக்காரு. டீ ஆறி ஆடை கட்டிருச்சு, நீ இன்னும் போனையே தடவிக்கிட்டு இருக்கே. என்ன அதுல? ‘வரலாற்றில் இன்று’ங்களா? சத்தமா வாசி. கண்ணுதான் மங்கல். காது நல்லாத்தான் கேக்குது.

செப்டம்பர் 15. அறிஞர் அண்ணா பிறந்த நாள், 1909. நம்ம திண்டுக்கல் மாவட்டம் பிறந்த நாள், 1985. மறைமலையடிகள் மறைஞ்ச நாள், 1950. டெல்லியில தூர்தர்ஷன் தொடங்கின நாள், 1959. டார்வின் வந்த கப்பல் காலபகோஸ் தீவுக்குப் போய்ச் சேர்ந்த நாள், 1835. அமெரிக்காவுல லேமன் பிரதர்ஸ்ங்கிற பெரிய வட்டிக்கடை மஞ்சக் கடுதாசி குடுத்த நாள், 2008. கடைசி வரி என்ன? ‘என்னே ஓர் அதிசய ஒற்றுமை!’ அதுக்குப் பக்கத்துல கைகூப்பின பொம்மை நாலு. நீயும் அதை இருபது பேருக்குத் தள்ளிவிட்டுட்டு, ஏதோ கல்வெட்டு படிச்சவன் கணக்கா நிமிந்து உக்காந்திருக்கே.

அதிசயமா? எங்கய்யா இருக்கு அதிசயம்?

நான் நாப்பது வருசம் பூட்டுப் பட்டறையில அரம் பிடிச்சவன். நம்ம ஊரு பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாய்ங்களே, அதுக்கு முந்தியே எங்க கைரேகை தேஞ்சு போச்சு. கைப்பூட்டுன்னா உள்ள லீவரு லீவரா அடுக்கி, சாவிப் பல்லுக்குத் தக்கன ஒவ்வொண்ணையும் ராவி உக்கார வைக்கணும். அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவிதான். வேற சாவி நுழைஞ்சாலும் திரும்பாது. ஒரு நாள் எங்க தெருப் பய ஒருத்தன் சந்தையில மலிவா ஒரு மெசினுப் பூட்டு வாங்கியாந்தான். “பெருசு, அதிசயத்தைப் பாரு. என் சைக்கிள் சாவியப் போட்டாலும் தெறக்குது!”ன்னு குதிக்கிறான். அடே கூறுகெட்டவனே, அது அதிசயம் இல்லடா, பூட்டு மட்டம்னேன்.

தேதியும் அந்த மாதிரிதான். ஆதிகாலத்துல இருந்து உலகத்துல நடந்த சங்கதி ஊர்ப்பட்டது கெடக்கு. இருக்கிற சாவியோ லீப்பு நாளையும் சேத்து 366. ஒரு சாவிக்கு ஆயிரம் பூட்டு தெறக்கத்தான் செய்யும். ஒண்ணுகூடத் தெறக்கலைன்னு ஒரு தேதி இருந்தாச் சொல்லு, அப்ப நானே கைகூப்புறேன். என் பேத்தி கணக்குப் படிக்குது. அது சொல்லுச்சு: 23 பேரை ஒரு அறையில உக்கார வச்சா, அதுல யாராச்சும் ரெண்டு பேருக்கு ஒரே பிறந்த நாளா இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டாம். நம்ம டவுன் பஸ்ஸுல படிக்கட்டுல தொங்குறவனை எண்ணினாலே 23 வந்துரும். கண்டக்டர் என்ன தினமும் விசில் ஊதிட்டு, “என்னே ஒற்றுமை!”ன்னா கூவுறாரு?

பிறந்த நாளுன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க ஊரு ஆரம்பப் பள்ளிக்கூடத்துல என்கூடச் சேந்த பயலுக பதினோரு பேரு. பதினோரு பேருக்கும் பிறந்த நாள் ஜூன் 1. எப்படிங்கிறே? எங்கம்மா என்னை இழுத்துக்கிட்டுப் போயி வாத்தியார் முன்னாடி நிறுத்துச்சு. வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடச் சொன்னாரு. தொட்டேன். அஞ்சு வயசு முடிஞ்சிருச்சுன்னாரு. “என்னிக்கும்மா பிறந்தான்?” “குடகனாத்துல கரை புரண்டு தண்ணி போன ஐப்பசிங்க. செவ்வாக்கிழமை. செவலை மாடு கன்னு போட்டதுக்கு மறுநாளு.” வாத்தியார் பேனாவை ஒரு உதறு உதறுனாரு. ஐப்பசின்னா கணக்கு இடிக்குதேன்னு முணுமுணுத்தாரு. ஜூன் 1-ன்னு போட்டுட்டு, “அடுத்தவன் வா”ன்னாரு.

இப்ப உன் ‘வரலாற்றில் இன்று’ எழுதுறவன் எங்க பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைப் பாத்தான்னா என்ன ஆகும்? ‘ஆஸ்பத்திரியே இல்லாத குக்கிராமத்தில் ஒரே நாளில் பதினோரு ஆண் குழந்தைகள்!’ நாலு பொம்மை பத்தாது, நாப்பது போடுவான். எங்கம்மா சொன்ன தேதிதான் நெசம். ஆனா அது எந்த அட்டையிலயும் ஏறலை. குடகனாறு கரை புரண்டு ஓடுறதை நீ பாத்திருக்கியா? இப்ப அதுல தண்ணி போனாலே, அதைத்தான் வரலாற்றில் இன்றுன்னு போடணும்.

அதனாலதான் சொல்றேன். ரெண்டு சங்கதி ஒரே தேதியில வந்தா, மொதல்ல ஒண்ணு கேளு: தானா வந்துச்சா, எவனாச்சும் பேனாவை உதறுனானா?

நம்ம மாவட்டத்தையே எடுத்துக்க. மதுரையில இருந்து பிரிச்சது எம்.ஜி.ஆர். ஆட்சியில. அவரு கட்சிப் பேருலயே அண்ணா இருக்காரு, கொடியிலயும் இருக்காரு. மாவட்டத்தைப் பெத்தெடுக்க அண்ணா பிறந்த நாளை விட்டா வேற நல்ல நாள் கெடைக்குமா? இதுல ஒற்றுமை எங்கிட்டு வந்துச்சு? அப்புறம் அண்ணா மாவட்டம், காயிதே மில்லத் மாவட்டம், மன்னர் திருமலை மாவட்டம்னு இதுக்கு மாத்தி மாத்திப் பேரு வச்சு, 1997-ல தலைவர் பேரெல்லாம் வேணாம்னு எடுத்து, திரும்பவும் திண்டுக்கல்லா ஆக்குனாய்ங்க. மலைக்கோட்டை மட்டும் எதையும் கண்டுக்காம நின்னுக்கிட்டு இருந்துச்சு.

அதே செப்டம்பர் 15-லதான் 2022-ல மதுரையில காலை உணவுத் திட்டத்தைத் தொடங்குனாய்ங்க. 2023-ல காஞ்சிபுரத்துல மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்குனாய்ங்க. என் வீட்டுக்காரிக்கும் மாசம் ஆயிரம் வருது. “ஒரே நாள்ல எம்புட்டு நல்லது நடந்திருக்கு பாத்தீங்களா”ன்னு அவளும் ஆச்சரியப்படுறா. முகூர்த்த நாள்ல மண்டபத்துக்கு மண்டபம் கல்யாணம் நடந்தா அது என்ன மாயமா? நாள் குறிச்சவனைப் போய்க் கேளுடி ஆத்தான்னேன். மறுநா காலையில எனக்குக் காப்பி வரலை.

ரெண்டு நாள் தள்ளி வா, செப்டம்பர் 17. பெரியார் பிறந்த நாள், 1879. அண்ணாவும் கூட்டாளிகளும் அவரை விட்டுப் பிரிஞ்சு தி.மு.க.வைத் தொடங்குனாய்ங்களே, 1949-ல, அதுவும் செப்டம்பர் 17 தான். அப்பனோட கோவிச்சுக்கிட்டுத் தனிக்குடித்தனம் போற மகன், அப்பன் பிறந்த நாளாப் பாத்துப் பால் காய்ச்சின மாதிரி. கட்சியில தலைவர் நாற்காலியையும் பெரியாருக்குன்னு காலியாவே போட்டு வச்சாய்ங்க. இது தற்செயல்னு நம்புறவன் நம்பட்டும், எனக்கு நம்ப முடியலை. பிரதமர் மோடியும் 1950-ல அதே செப்டம்பர் 17-ல பிறந்து வச்சிருக்காரு. அது மட்டும் எவனும் குறிச்ச நாள் இல்ல. அன்னிக்கு உன் போனுல ரெண்டு குரூப்புக்காரய்ங்களும் அந்த ஒத்தைத் தேதியப் பிடிச்சு இழுக்கிறதைப் பாக்கணுமே. வாலைப் பிடிச்சா அது பிடிமாடு ஆகாதுடான்னு சொல்ல அங்க ஒரு ஆளு இல்ல.

பெரிய பெரிய நாளும் இப்படி வச்சதுதாம்ப்பா. அரசியல் சட்டத்தை 1949 நவம்பர் 26-லயே ஏத்துக்கிட்டாய்ங்க. குடியரசு நாள் ஏன் ரெண்டு மாசம் கழிச்சு ஜனவரி 26? 1930-ல அந்தத் தேதியிலதான் பூரண சுயராஜ்யம்னு காங்கிரஸ்காரங்க உறுதி எடுத்தாங்க. அந்த நாள் வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க. அது நியாயம். ஆகஸ்ட் 15 கதை வேற. மவுண்ட்பேட்டன் துரைகிட்டப் பத்திரிகைக்காரங்க என்னிக்கு நாளுன்னு கேட்டாய்ங்க. அவரு மனசுல சட்டுனு வந்தது 1945 ஆகஸ்ட் 15, சண்டையில ஜப்பான்காரன் பணிஞ்ச நாளு. அதே தேதியைச் சொல்லிட்டாரு. சோசியக்காரங்க நாள் சரியில்லைன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அதுக்கும் ஒரு வழி பண்ணி நடுராத்திரிக்கு வச்சாச்சு. நம்ம விடுதலைக்கு நாள் குறிச்சது வெள்ளைக்காரன், அதுவும் அவன் ஜெயிச்ச நாளாப் பாத்து. எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார் எவ்வளவோ தேவலை.

நெசமாவே தானா வந்து சேந்தது எதுன்னு கேக்குறியா? டிசம்பர் 24. பெரியார் வேலூர் ஆஸ்பத்திரியில கண்ணை மூடினது 1973. எம்.ஜி.ஆர். ராமாவரம் தோட்டத்துல கண்ணை மூடினது 1987. பதினாலு வருசம் தள்ளி அதே நாளு. இதை எவனும் குறிச்சு வைக்கலை, எமன் பதிவேடு பாக்குறதும் இல்ல. எம்.ஜி.ஆர். போன அன்னிக்கு நம்ம ஊருல அடுப்பு எரியலை. 1973 இடைத்தேர்தல்ல இந்தத் திண்டுக்கல்தான் அவருக்கு மொத வெற்றி குடுத்துச்சு, மாயத்தேவரு நின்னு இரட்டை இலையில ஜெயிச்சாரு. அன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் தலையில கை வச்சு அழுதுக்கிட்டே சொன்னான்: “பாத்தியாண்ணே, பெரியார் போன அதே நாளு. எல்லாம் தலைவிதி!” யாரைச் சொல்லிட்டு எதைச் சொல்றான் பாரு. தலைவிதின்னு எவனாச்சும் வாயைத் தெறந்தா கைத்தடியை ஓங்குற கிழவனையே கொண்டுபோயி விதிக் கணக்குல எழுதிட்டாய்ங்களே.

சில ஒற்றுமை ஒற்றுமையே இல்ல தம்பி. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் தேசத்து செர்வான்டிசும் 1616 ஏப்ரல் 23-ல, ஒரே நாள்ல போனாய்ங்கன்னு புத்தக நாள் அன்னிக்கு நீயே அனுப்புனே. ஸ்பெயின்காரன் 1582-லயே புதுக் காலண்டருக்கு மாறிட்டான். இங்கிலாந்துக்காரன் பழசுலயே கெடந்தான். அப்ப ரெண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். செர்வான்டிசைப் பொதைச்ச குழியில புல்லு தலை காட்டினதுக்கு அப்புறம்தான் ஷேக்ஸ்பியர் போனாரு. இங்கிலாந்து வழிக்கு வந்தது 1752-ல. செப்டம்பர் 2-ந் தேதி ராத்திரி படுத்தவன் காலையில எந்திரிச்சா 14-ந் தேதி! நடுவுல போன 11 நாளைக்கு வீட்டு வாடகையை எவன் குடுத்தானோ. எங்கய்யாவுக்கு நான் திவசம் குடுக்கிறது மாசமும் திதியும் பாத்து. பழனிக்கு நடக்கிறது தைப்பூசம் பாத்து. இங்கிலீசுத் தேதி வருசா வருசம் அங்கிட்டு இங்கிட்டு நகரும். முருகன் ஒரு நாளும் அதுக்காகக் கோவிச்சதில்ல.

சரி, இம்புட்டு தேதி அனுப்புறியே, நான் ஒண்ணு கேக்குறேன். தினம் கோபாலசமுத்திரக் குளத்துப் பக்கமாத்தானே போறே வாறே? அந்தப் பேரு ஏன்? முழிக்காத. விருப்பாட்சி கோபால் நாயக்கர். சிவகங்கையில இருந்து வந்த வேலு நாச்சியாருக்கு எடம் குடுத்த பாளையக்காரர். திண்டுக்கல் கூட்டணின்னு ஆளுகளைச் சேத்துக் கும்பினிக்காரனை எதிர்த்து நின்னாரு. 1801-ல இந்த ஊருலதான் தூக்குல போட்டாய்ங்க. அந்தக் குளத்துக்கு அவரு பேருதான்னு பெரியவங்க சொல்லுவாங்க. உன் போனுல அவரு எந்த நாள்லயாச்சும் வந்திருக்காரா? லேமன் பிரதர்ஸ் திவாலானது மட்டும் வருசம் தப்பாம வருது. அந்தக் கடைக்காரன் உன் மாமனா மச்சானா?

கோவிச்சுக்காத, டீயைக் குடி. நான் மட்டும் ரொம்ப யோக்கியமா? என் ஆதார் அட்டையிலயும் ஜூன் 1 தானே இருக்கு. போன வருசம் அன்னிக்குக் காலையில இதே பெஞ்சுல நாங்க பழைய கூட்டாளிக உக்காந்திருந்தோம். பதினோரு பேருல இப்ப மிச்சம் அஞ்சு. எல்லாருக்கும் ஓய்வூதியம் ஒரே பேங்குல. மணி ஒம்பது அடிச்சுச்சு. அஞ்சு சட்டைப் பையிலயும் ஒண்ணுபோல கிணுங்குச்சு. எடுத்துப் பாத்தா அஞ்சுலயும் அதே வாசகம், ‘இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்’. ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாத்துக்கிட்டோம். டீக்கடைக்காரன் ஆடிப் போயிட்டான். “அஞ்சு பேருக்கும் ஒரே நாளா பெருசு! எப்பேர்ப்பட்ட அதிசயம்!”ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டு, அஞ்சு டீக்கும் காசு வாங்கலை. வாத்தியாரைப் பத்தி நாங்களும் வாயைத் தெறக்கலை.