காலம் தவறிய கடிகாரம்

கே: ஜனங்களிடம் முன்பணம் திரட்டிக் கைக்கடிகாரம் செய்யும் கம்பெனி, ‘சொன்ன தேதியில் தர இயலவில்லை’ என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டால், பாராட்டுவதா, பணத்தைத் திருப்பிக் கேட்பதா?

ப: பாராட்டிக்கொண்டே கேட்பதற்கு என்ன தடை?

2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதி திரட்டும் இணையதளம் வாயிலாக 1,00,000 டாலர் வேண்டி நின்ற அமெரிக்கப் பெபிள் கம்பெனிக்கு 68,929 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொட்டிக் கொடுத்துவிட, ஓராயிரம் கடிகாரம் செய்ய உத்தேசித்திருந்த அச்சிறு கோஷ்டி பல பத்தாயிரம் செய்தாக வேண்டிய நிர்ப்பந்தத்துக்கு ஆளாகி, செப்டம்பரில் தருவதாகச் சொன்ன சரக்கை 2013 ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கிற்று. மணி காட்ட வந்ததே காலம் தவறிற்று! எனினும் கெடு கடக்குமுன்பே தாமதத்தைச் சொன்னார்கள். அது யோக்கியமான காரியம்.

பிற்பாடு, 2016 டிசம்பரில் கம்பெனியை மூடிய தருணத்தில், ‘டைம் 2’, ‘கோர்’ என்னும் சாதனங்களுக்குப் பணம் கட்டிக் காத்திருந்தோருக்கு முழுத்தொகையும் திரும்பும் என்று அறிவித்த அதே அறிக்கை, ஏற்கெனவே விற்ற கடிகாரங்களுக்கு இனி உத்தரவாதம் கிடையாது என்றும் சொல்லிற்று. முன்னதை மெச்சுகிறேன்; பின்னது அநியாயம்.

ஆகவே இத்தகைய அறிக்கை உங்கள் கைக்கு வந்தால், வருத்தம் தெரிவிக்கும் பத்திகளைத் தாண்டி, பணம் என்றைக்குத் திரும்பும் என்ற வரியை முதலில் தேடுங்கள்.