பையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்

தனியார் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் மாத்திரைக்குத் தீட்டு ஒட்டிக்கொள்கிறது. நம் கார்ப்பரேட் மருத்துவத்தின் மகத்தான கண்டுபிடிப்பு இது; நோபல் கமிட்டிக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை. உங்கள் அம்மா பல வருஷமாகக் காலையில் விழுங்கிவரும் பிரஷர் மாத்திரைதான். தெருமுனை மெடிக்கலில் வாங்கியது. அட்டையில் பேட்ச் எண் உண்டு, காலாவதித் தேதி உண்டு, கம்பெனி பெயர் உண்டு. ஆட்டோவில் வரும்வரை அது மருந்து. அட்மிஷன் போட்ட மறுநிமிடம் அசுத்தம்.

"வெளி மருந்தெல்லாம் இங்க அலவ் பண்ண மாட்டோம்மா. பையை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்கிறார் சிஸ்டர். அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. நீண்ட ஷிஃப்டில் கால்கடுக்க நிற்கும் அந்தப் பெண்ணுக்கு மேலே இருப்பவர்கள் எழுதிக் கொடுத்த வசனம் அது.

கொஞ்ச நேரத்தில் வார்டிலிருந்து மருந்து கேட்டு இண்டெண்ட் போகிறது. கீழ்த்தளப் பார்மசியிலிருந்து காகிதக் கவரில் மாத்திரை வருகிறது. அதே கம்பெனி, அதே மில்லிகிராம். ஆனால் இது சுத்தபத்தமானது. பில் போட்டாயிற்றல்லவா, தீட்டுக் கழிந்துவிட்டது.

ஏனய்யா என்று கேட்டால் பதில் தயார்: நோயாளியின் பாதுகாப்பு. இதற்கு எதிராக யார் பேச முடியும்? நம் வீட்டு மருந்து டப்பாவின் லட்சணமும் நமக்குத் தெரியும். போன வருஷமே காலாவதியானது, அட்டையைக் கிழித்துத் தனித்தனியாகப் போட்டு எது எதுவென்று தெரியாமல் போனது, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த முட்டிவலி மாத்திரை, பெயரில்லாத சூரணம், வெயிலில் மூன்று பஸ் மாறி வந்த இன்சுலின். இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவரை அது தெரியாமல் அறுவை மேஜையில் கிடத்தினால் ரத்தம் நிற்காது. எல்லாம் உண்மை.

உண்மைதான் என்றால், பையைத் திறந்து பாருங்களேன்.

ஒவ்வொரு அட்டையாக எடுத்து, பெயர் என்ன, அளவு என்ன, தேதி தாண்டிவிட்டதா, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று ஒரு தாளில் எழுதி, எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பாதுகாப்பு என்றால் இதுதான். இந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்களை உருவாக்கவே பார்ம்.டி. என்ற ஆறு வருஷப் படிப்பு 2008-லிருந்து இந்தியாவில் இருக்கிறது. லட்சலட்சமாய்க் கட்டிப் படித்து வந்த அந்தப் பிள்ளைகளை வார்டில் தேடாதீர்கள். என்.ஏ.பி.ஹெச். தரச்சான்று ஆய்வுக்கு ஃபைல் அடுக்கும் மேஜையில் தேடுங்கள்.

நோயாளி வெளியிலிருந்து கொண்டுவரும் மருந்தைக் கையாள ஒரு நெறிமுறை வேண்டும் என்று அந்தத் தரச்சான்று விதிகளே சொல்கின்றன. நிர்வாகமும் பயபக்தியோடு நெறிமுறை வகுத்துவிட்டது. ஒரே வார்த்தைதான்: கொண்டுவராதே. சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் மின்னுகிறது.

இதற்குள் வார்டில் டூட்டி டாக்டர் கேட்கிறார்: "என்னம்மா மாத்திரை போடுறீங்க?" அம்மா சொல்கிறார்: "சின்னதா, வெள்ளையா, நடுவுல ஒரு கோடு இருக்கும் சார்." கேஸ் ஷீட்டில் 'சுகர், பிரஷர், வழக்கமான மருந்தில் இருக்கிறார்' என்று ஏறிவிடும். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம்? அதற்கு முழு விடையும் இருந்தது அந்தப் பையில்தான். அது இந்நேரம் மருமகனின் டூவீலர் கொக்கியில் தொங்கிக்கொண்டு போகிறது.

இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் இதற்கு நேரெதிர் வழக்கம். வீட்டு மருந்தையெல்லாம் ஒரு பச்சைப் பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறார்கள். மருந்தாளுநர் பரிசோதித்து, நன்றாக இருந்தால் படுக்கையோரப் பெட்டியில் பூட்டிவைத்து, அதையே வேளாவேளைக்குக் கொடுக்கிறார்கள். அங்கே தணிக்கை ஆணையம் 2001-இல் வெளியிட்ட மருந்து மேலாண்மை அறிக்கையும் இந்த வழியைத்தான் பரிந்துரைத்தது. வெள்ளைக்காரன் மாத்திரைக்கு மட்டும் தீட்டு ஒட்டாதா என்று வியக்க வேண்டாம். அங்கே வார்டில் படுத்திருப்பவருக்கு மருந்து பில் கிடையாது. பில் இல்லாத இடத்தில் தீட்டும் இல்லை.

போயும் போயும் ஒரு பிரஷர் மாத்திரையில் என்ன சம்பாதித்துவிடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். காசு அதில் இல்லை. இன்று மாத்திரையை உள்ளே விட்டால் நாளை வெளியே வாங்கிய ஆன்டிபயாடிக் ஊசி உள்ளே வரும், மறுநாள் சிரிஞ்சும் கையுறையும் வரும், அப்புறம் கீமோ மருந்தும் வரும். அம்மாவின் பையைத் தடுப்பது அந்தப் பெரிய கதவுக்குப் போட்ட தாழ்ப்பாள்.

கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையமே கணக்குப் போட்டுக் காட்டியது. டெல்லி வட்டாரத்தில் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை எடுத்துப் பார்த்தார்கள். லாபம் 1,737 சதவீதம்வரை போயிருந்தது. டிரிப்ஸ் குழாயில் மாட்டும் 'த்ரீ வே' என்ற பிளாஸ்டிக் திருகு. மருத்துவமனை வாங்கிய விலை 5 ரூபாய் 77 காசு, நோயாளிக்குப் போட்ட விலை 106 ரூபாய். தங்கக் கடத்தல்காரன் இதைப் படித்தால் தன் தொழிலை நினைத்து வெட்கப்படுவான்.

இதில் சட்டமீறல் எங்கே என்று தேடினால் கிடைக்காது. அதுதான் இதன் அழகு. அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை. அச்சிடுவதே பெரிய விலையாக இருக்கிறது, அவ்வளவுதான். மொத்தமாக வாங்கும் மருத்துவமனைக்கு லாபம் நிற்பதற்காகவே கம்பெனிகள் எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சிடுகின்றன என்பதை அந்த ஆணையமே சுட்டிக்காட்டியது. சுட்டிக்காட்டிய விரல் அதன்பின் மடங்கிக்கொண்டது.

இந்த விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. மருத்துவமனைக் கடையிலேயே வாங்கு என்று கட்டாயப்படுத்துகிறார்கள் என்று 2018-இல் போட்ட பொதுநல மனு. மத்திய அரசு அதில் கம்பீரமாகப் பதில் சொன்னது: கட்டாயம் ஏதும் இல்லை. ரொம்பச் சரி. துப்பாக்கி வைத்து யாரும் மிரட்டவில்லை. "வெளிய வாங்கிக்கலாம் சார், தாராளமா. ஆனா ஏதாவது ஆச்சுன்னா நாங்க பொறுப்பில்லைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போட்ருங்க" என்பார்கள். ஐ.சி.யு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா கிடக்கிறார், இந்தப் பக்கம் மகன் கையில் பேனா. சுதந்திரமாக முடிவெடுக்க இதைவிட உகந்த சூழ்நிலை வேறெங்கே கிடைக்கும்? 2025 மார்ச் 4 அன்று தீர்ப்பு வந்தது. நோயாளிகள் சுரண்டப்படவும் கூடாது, தனியார் இந்தத் துறைக்கு வரத் தயங்கவும் கூடாது, மாநில அரசுகள் பார்த்துக் கொள்கை வகுக்கட்டும் என்று சொல்லி மனுவை முடித்துவைத்தார்கள். ஏழு வருஷம் கழித்துக் கிடைத்தது அடுத்த கவுண்டருக்கான டோக்கன்.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம் என்றால், உயிரோடும் விளையாட்டு நடக்கிறது. பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா நேரம் தவறினால் உடம்பு விறைக்கும், விழுங்கவே வராமல் போகும். வலிப்பு மாத்திரை ஒருவேளை விட்டுப்போனால் வலிப்பு வரலாம். கையில் மாத்திரை இருக்கிறது. ஆனால் இண்டெண்ட் போட்டு, பில் ஏறி, "அந்த பிராண்டு ஸ்டாக் இல்ல, மாத்து மருந்து ஓகேவா" என்று போன் வந்து, டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து தலையாட்டுவதற்குள் வேளை தப்பிவிடும். உடன் இருக்கும் மகள் என்ன செய்வாள்? தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த அட்டையிலிருந்து ஒன்றை உரித்துக் கொடுப்பாள். பத்து நிமிடத்தில் சிஸ்டர் வந்து அதே மருந்தை வேறு பெயரில் கொடுப்பார். மருந்து இரட்டிப்பு. பாதுகாப்புக்காகப் போட்ட தடை நோயாளியைக் கள்ளத்தனமாக மாத்திரை தின்ன வைத்திருக்கிறது.

டிஸ்சார்ஜ் நாளில் இன்னொரு கூத்து. பையில் ஏற்கெனவே கிளிமிபிரைடு இருக்கிறது. சம்மரியில் அதே கிளிமிபிரைடு வேறொரு பிராண்டு பெயரில். பழையதை நிறுத்து என்று ஒரு வரி இருக்காது. பார்மசி கவரைக் கையில் கொடுத்து, "இதெல்லாம் கன்டினியூ பண்ணுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அம்மா ஒழுங்கானவர், பழையதையும் சாப்பிடுவார், புதியதையும் சாப்பிடுவார். மூன்றாம் நாள் சுகர் இறங்கி மயங்கி விழுந்தால் மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி அட்மிஷன், மறுபடி "பையை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அரசு ஆஸ்பத்திரியில் இந்தத் தீட்டு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "வீட்டு மாத்திரை இருக்கா? அதையே போட்டுக்கங்க" என்பார்கள். அதையும் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள், கூட்டம் அப்படி. ஆனால் அங்கே அலட்சியத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வாங்கிக் கொடுப்பது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், நம் வரிப்பணம். அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும். அந்த அட்டையோடு உள்ளே போகும் கிழவியிடம், அரசு கொடுத்த மாத்திரை பாதுகாப்பானதல்ல, எங்களிடம் வாங்கு என்று ஒரு தனியார் நிறுவனம் சொல்கிறது. அரசுக்கு ரோஷம் வர வேண்டாமா? மருந்தை எங்கே வாங்குவது என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2018-லேயே நோயாளர் உரிமைச் சாசனத்தில் எழுதிவைத்திருக்கிறது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டுக்கு 1997-லிருந்து சொந்தச் சட்டமே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் பந்தைக் கோட்டையின் பக்கம் தள்ளிவிட்டது. வேண்டியது சின்ன ஆணைதான்: வீட்டு மருந்தை மருந்தாளுநர் பார்த்து எழுத வேண்டும், நன்றாக இருந்தால் அதையே கொடுக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

ஆணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்தமுறை அட்மிஷனுக்குப் போகும்போது பையை அப்படியே எடுத்துப் போங்கள். உரித்த மாத்திரை வேண்டாம், அட்டையோடு, பழைய சீட்டோடு. டாக்டர் முன்னால் விரித்து வையுங்கள், கேஸ் ஷீட்டில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அன்று எதை நிறுத்த வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். வெளி மருந்து கூடாது என்றால் சண்டை போடாதீர்கள். எந்த மாத்திரை, ஏன் கூடாது, சொல்வது யார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். உங்களிடம் மட்டும் கையெழுத்து வாங்கிப் பழகியவர்கள், ஒருமுறை அவர்களும் போடட்டும்.