ஆய்விதழ் ஆசிரியருக்கு என்ன வேலை?

கேள்வி: கணினி வலைப்பின்னல் ஆய்விதழின் ஆசிரியருக்கு அப்படியென்ன வேலை? வந்த கட்டுரையை அச்சுக்கு அனுப்பினால் போதாதா?

பதில்: மதிப்பீட்டாளர் பிடிப்பதே பாதி வேலை, அவர்களுக்குச் சம்பளம் கிடையாதே!

நல்ல கட்டுரையைத் தாமதமின்றி வெளிக்கொண்டு வருவதும் அவர் வேலைதான். ஓர் எடுத்துக்காட்டு: 1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலேயே இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் இடையே வினாடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு, 40 பிட்டாகச் சுருண்டது. தரவு நெரிசலே காரணம் என்று ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் துருவிக் கண்டு, தீர்வும் சொன்னார். அக்கட்டுரை 1988 ஆகஸ்டில், ‘கம்ப்யூட்டர் கம்யூனிகேஷன் ரிவியூ’ இதழில் வந்தது. நெரிசலைத் தீர்க்கும் கட்டுரை ஆசிரியர் மேசையில் நெரிசலில் சிக்கலாமா?

அச்சிட்டால் மட்டும் போதாது. பிறரும் செய்து பார்க்க வழி வேண்டும். நிரலையும் அளவீட்டுத் தரவையும் சேர்த்துத் தருவோருக்கு அதே இதழ் பின்னாளில் பக்க வரம்பைத் தளர்த்தியது. அருமையான முடிவு!