என் முகம் தெரியாத மானிட்டர்

கம்ப்யூட்டர் கடைகளில் மானிட்டருக்குள் எப்போதும் ஒரு பஞ்சவர்ணக்கிளி பறந்துகொண்டிருக்கும். கிளி ஓய்ந்தால் தேன் சொட்டும். தேன் முடிந்தால் கறுப்புப் பின்னணியில் வைரம் சுழலும். அந்தக் கிளியைக் கிளாஸி திரையில் பார்த்தவன், பக்கத்தில் உம்மென்று உட்கார்ந்திருக்கும் மேட் திரையைத் திரும்பிப் பார்ப்பானா? ஆனால் நான் கிளி வியாபாரி இல்லையே. காதணி விழாப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், அரிசிப் பை, இவைதான் என் பிழைப்பு.

"கிளாஸியா, மேட்டா?" இந்தக் கேள்வியைக் கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவிலும் கேட்பார்கள், லேமினேஷன் போடும் இடத்திலும் கேட்பார்கள். அங்கே எதைச் சொன்னாலும் விசேஷத்தோடு போச்சு. மானிட்டர் அப்படியா? வருஷக்கணக்கில் முகத்துக்கு நேரே நிற்கும். கிளாஸி வாங்கினால் முகமே அதற்குள்தான் நிற்கும்.

மேல்பூச்சு இல்லாத கண்ணாடி, நேராக விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். நாலுதானே என்று சேமிப்புக் கணக்கு வட்டி மாதிரி நினைத்துவிடக் கூடாது. திரையில் கரும்பச்சையை நிரப்பிப் பாருங்கள். அதற்குள் உங்கள் தலை, தலைக்குப் பின்னால் டியூப்லைட், அதற்கும் பின்னால் காலண்டர் முருகன் எல்லாரும் தரிசனம் தருவார்கள். மேட் திரையும் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதில்லை. மேற்பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களால் அதை நாலா பக்கமும் சிதறடிக்கிறது, அவ்வளவுதான். முருகன் மறைந்துவிடுவார். பதிலுக்கு, அறையில் வெளிச்சம் இருந்தால் கறுப்பு சற்றே சாம்பலாகும். மலிவான மேட் என்றால் வெள்ளைப் பரப்பு பொடிப்பொடியாக மினுக்கவும் செய்யும். இருட்டறையில் வீடியோ எடிட் செய்பவர்கள் கிளாஸியே வாங்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பெரிய இடத்திலும் இதே கூத்துதான். 2008 அக்டோபரில் ஆப்பிள் தன் 15 அங்குல மேக்புக் ப்ரோவைக் கிளாஸியாக மட்டுமே இறக்கியது. டிசைனர்கள் முணுமுணுத்தார்கள். அடுத்த ஆண்டே மேட் திரும்பி வந்தது, 50 டாலர் கூடுதல் விலையோடு. 2019-ல் வந்த ப்ரோ டிஸ்ப்ளே எக்ஸ்டிஆரில் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் நானோ டெக்ஸ்சர் கண்ணாடி வேண்டுமென்றால் 1,000 டாலர் கூடுதல். கண்ட துணியால் அதைத் துடைக்கக் கூடாது, அதற்கென்றே ஒரு துணி உண்டு. 2021-ல் அந்தத் துணியைத் தனியாகவும் விற்க ஆரம்பித்தார்கள். அப்போது நம் நாட்டில் விலை 1,900 ரூபாய். அந்தக் காசுக்கு இங்கே நல்ல வேட்டியாக எடுத்து, திரையைத் துடைத்துவிட்டு, அதையே கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கும் போய் வரலாம்.

சரி, மேட் வாங்கியாயிற்று. காலிபிரேட்டர் வைத்து நிறத்தைச் சரிசெய்து, அச்சு வேலைக்குத் தோதாக வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவாக இறக்கி, ஜன்னல் பக்கவாட்டில் வருமாறு மேஜையையும் திருப்பிப் போட்டாயிற்று. அடுத்து என்ன நடக்கும்? டிசைன் வாட்ஸ்அப்பில் போகும். ஜவுளிக்கடை அண்ணாச்சி அதை உச்சி வெயிலில், விரிசல் விழுந்த போனில் பார்ப்பார். போன் பெரும்பாலும் கிளாஸிதான். கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவருடைய பேரன் அதில் மஞ்சள் வெளிச்சத்தை வேறு போட்டு வைத்திருப்பான்.

"தம்பி, நான் கேட்டது அரக்கு. நீ செங்கல் கலருல்லா அனுப்பியிருக்க!"

"அண்ணாச்சி, அது அரக்குதான். உங்க போன்ல..."

"போன் புது போன்டே!"

இதற்கு மேல் எந்த மானிட்டர் என்னைக் காப்பாற்றும்? அச்சு நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் என்று உலகத் தரம் வகுத்திருக்கிறார்கள். பிரெஸ்காரரோ தாளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, சூரியனுக்கு நேரே பிடித்து, "ஓகே" என்பார். அந்த ஓகேதான் கடைசித் தீர்ப்பு.

இருந்தாலும் என் ஓட்டு மேட்டுக்கே. நாள் முழுக்க வெள்ளைக் காகிதத்தையும் எழுத்தையும் பார்க்கிறவனுக்கு, இடையில் தன் வழுக்கையையும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. டிசைன் வேலை கொடுக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம்: நிறம் சரியில்லை என்று போன் போடுவதற்கு முன்னால், அந்த மஞ்சள் வெளிச்சத்தை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் நேரிலேயே வந்து தாளில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். டீ என் செலவு.