கழுதை ஏறிய மலை

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் ஐயா அவர்களுக்கு,

பென்னாகரமோ, நத்தமோ, அணைக்கட்டோ, மலையும் காடும் சேர்ந்த எந்தத் தொகுதியிலிருந்து நீங்கள் வந்திருந்தாலும் இந்த வாழ்த்து உங்களுக்குத்தான். 234 பேர் உட்காரும் அவையில் கேள்வி நேரத்தில் எழுந்து நிற்க வாய்ப்புக் கிடைப்பதே பெரிது. அந்த வாய்ப்பை நீங்கள் தலைவர் புகழ் பாடி வீணாக்குவதில்லை. மைக்கைச் சரிசெய்துகொண்டு, கையிலிருக்கும் தாளைப் பார்த்துக் கேட்கிறீர்கள். இன்ன மலைக்கிராமத்துக்குச் சாலை அமைக்க அரசு ஆவன செய்யுமா? அங்கே துணை சுகாதார நிலையம் திறக்க அரசு ஆவன செய்யுமா? நிறுத்தப்பட்ட பேருந்தை மறுபடி விட அரசு ஆவன செய்யுமா? ஒரே ஊருக்கு மூன்று கேள்வி. ஊரின் பெயரைத் தப்பில்லாமல் உச்சரிக்கிறீர்கள். அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும்.

உங்கள் விடாமுயற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன பேரவையிலும் இதே கேள்வி எழுந்தது. அதற்கு முந்தைய பேரவையில் உங்கள் நாற்காலியில் இருந்தவரும் இதே ஊர்ப்பெயரைச் சொல்லித்தான் கேட்டார். கட்சி மாறியது, கரைவேட்டியின் நிறம் மாறியது, கேள்வி மட்டும் மாறவில்லை. அப்பன் சொத்தைப் பிள்ளை காப்பதுபோல ஒரு கேள்வியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கிக் காத்துவருகிறீர்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்டபோது தொட்டிலில் கிடந்த பிள்ளை இன்று தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே ஒற்றையடிப் பாதையில் இறங்குகிறது.

மறுமொழி சொல்லும் அமைச்சர்களையும் வாழ்த்துகிறேன். மலை மேல் இருக்கும் ஊரைப் பற்றி அவையில் ஒருவரும் ஒரு தடித்த வார்த்தை சொன்னதில்லை. உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டிவிட்டுத்தான் மறுமொழியே தொடங்கும். நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்பார்கள். வனத்துறையின் அனுமதி பெற வேண்டியுள்ளது என்பார்கள். அப்படி ஒரு கருத்துரு இல்லை என்றால், கேள்வியின் அடுத்த பிரிவுக்கு ‘எழவில்லை’ என்று அச்சில் ஒரே சொல் இருக்கும். மறுமொழி ஒருநாளும் வழி தவறியதில்லை. வழுக்குப் பாறையும் ஓடையும் தாண்டி வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கோட்டைக்குள்ளேயே பிறந்து கோட்டைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள். சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி நின்றால் மலைக்காரர்களும் அதைப் பார்க்கலாம்.

இனி நான் மனதாரப் புகழ வேண்டியவர்களுக்கு வருகிறேன்.

தேர்தல் நடத்தும் அதிகாரிகள். வாக்காளர் எவரும் வாக்குச்சாவடிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டி வரக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அந்த நெறிக்காக அவர்கள் படும் பாடு சாதாரணமில்லை. பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு 2021-லும் 2024-லும் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல் ஏறிப் போயின. நத்தம் பக்கம் லிங்கவாடி மலையூருக்குக் குதிரையில் போயின. நாமக்கல் மாவட்டத்துப் போதமலைக்கு ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டுபோனார்கள். முதல் நாளே கிளம்பி, மலையேறி, பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ படுத்து, காலை 7 மணிக்குச் சாவடியைத் திறந்துவிடுகிறார்கள். நிதிநிலை தடுக்கவில்லை. வனத்துறை தடுக்கவில்லை. ‘எழவில்லை’ என்ற சொல்லே அங்கே எழவில்லை.

அந்தக் கழுதைகளையும் சேர்த்தே புகழ்கிறேன், ஐயா. நம் ஊரில் கழுதை என்பது வசைச்சொல். ஆனால் இந்தக் குடியரசை அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமந்த முதுகு அது. கூட்டணி பார்க்கவில்லை, சின்னம் பார்க்கவில்லை. எல்லாக் கட்சியின் பொத்தானையும் ஒரே பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கியது. வாக்குறுதி எதுவும் கொடுக்காமல் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.

அடுத்து, டோலி தூக்குகிற ஆண்கள். மலையூர்களில் டோலி கட்டுவது எப்படி என்று கோட்டையில் எத்தனை பேருக்குத் தெரியும்? வலுவான மூங்கில் ஒன்று. அதில் கம்பளியையோ பழைய சேலையையோ இரு முனையிலும் முடிந்து தொட்டிலாக்குவார்கள். நோயாளியை உள்ளே கிடத்தி, மேலே ஒரு போர்வை. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், தோள் மாற்ற நான்கு பேர், பேட்டரி லைட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முன்னே. இறக்கத்தில் முன்னால் போகிறவருக்குத்தான் பாரம் அதிகம். அதனால் உயரமானவரை முன்னால் விடுவார்கள், தொட்டில் சாயாமல் இருக்கும். ஒரு மலையூரில் கோயில் திண்ணையோரம் அந்தக் கம்பு சாய்த்து வைத்திருந்ததைப் பார்த்தேன். இரு முனைப்பக்கமும் தோல் உரிந்து, தோள் பட்டுப் பட்டு எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. எத்தனை பிரசவ வலி, எத்தனை காய்ச்சல், எத்தனை பாம்புக்கடி அதில் தொங்கி இறங்கியிருக்கும். அந்த ஊரின் ஆம்புலன்ஸ் அது. அதற்கு டீசல் வேண்டாம், டெண்டர் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

நிஜ ஆம்புலன்ஸையும் குறை சொல்ல மாட்டேன். 2008 செப்டம்பர் 15-ல் தொடங்கிய 108 எத்தனையோ லட்சம் உயிரைக் காத்த சேவை. கூப்பிட்டால் வருகிறார்கள். சாலை முடிகிற இடம் வரைக்கும் வருகிறார்கள். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இருட்டில் மலையைப் பார்த்தபடி நிற்கும் ஓட்டுநரின் பொறுமையை நான் புகழ்கிறேன். மேலே ஒரு சிறு வெளிச்சம் ஆடி ஆடி இறங்கி வருவதை அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறார். ஏறிப் போக வழி இல்லை.

கிராம நர்சம்மாவைப் புகழ்கிறேன். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓடையில் தண்ணீர் இறங்கும்வரை கரையில் காத்திருந்து, ஒரு ஊருக்கு ஏறி இறங்க ஒரு முழு நாள் செலவழிக்கிறார். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்று விதி வைத்திருக்கிறோம். நல்ல விதி. ஆனால் அது தலைகளை எண்ணுகிறது, ஏற்றத்தை எண்ணுவதில்லை. நாலு மலைக்கு நாலு திசையில் சிதறிக் கிடக்கும் 3,000 பேரும் அந்த அம்மாவின் இரண்டு கால்களை நம்பித்தான் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பெருமையை நானும் சுமக்கிறேன், ஐயா. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், நம் மாநிலத்துப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளில் நடந்ததாகக் கணக்கு. வேறு பல மாநிலங்கள் ஏங்கிப் பார்க்கும் எண் அது. அந்த எண் எங்கே குழந்தை பிறந்தது என்று சொல்கிறது. தாய் எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்வதில்லை. பேறுகாலத்துக்கு முன்னாலேயே மலைப்பெண்கள் வந்து தங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். அருமையான ஏற்பாடு. அதற்காக ஒரு பெண் வீட்டையும், மூத்த பிள்ளையையும், ஆட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு முன்கூட்டியே இறங்கி வருகிறாள். வலி எடுத்த பிறகு இறங்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அறை கட்டினோம்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், கோடிக்கணக்கான பெண்களின் கையில் நாலு காசு மிஞ்சியது. மலைக்காரப் பெண் அந்தச் சீட்டை வாங்க முதலில் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து வர வேண்டும். காலையில் ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப். மழை பெய்தால் அந்த இரண்டில் ஒன்று கட். நடக்கிற தூரத்துக்கும் ஏற்கெனவே கட்டணம் கிடையாது. அந்த வகையில் எல்லோருக்கும் முன்பே இலவசப் பயணம் பெற்றவள் அவள்.

இவ்வளவு பேரைப் புகழ்ந்த பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலைக்கிராமத்தில் ஒன்றரை வயதுப் பெண்குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் சாலை இல்லாததால் பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் குழந்தையைக் கையில் ஏந்தியபடி மலைக்கு நடந்தாள். பாம்பின் விஷத்துக்கு மருந்து இல்லாத மாநிலமா இது? ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரைக்கும் விஷமுறிவு மருந்தைக் கொண்டுபோய் வைத்த மாநிலம். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாகவே அறிவித்த மாநிலம். மருந்து அடிவாரம்வரை வந்துவிட்டது. குழந்தை மேலே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது உங்கள் கேள்வி, பரிசீலனையில்.

வனச் சட்டம் தடுக்கிறது என்பார்கள். காட்டைக் காக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. யானை நடக்கும் மலையில் நாலுவழிச் சாலையை அந்த மக்களே கேட்கவில்லை. ஒரு ஜீப் ஏறினால் போதும் என்கிறார்கள். அதற்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதன் 3(2)-ஆம் பிரிவைப் பாருங்கள். சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விடலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். 3 மீட்டர் அகலத்தில் பாதை போட்டால் ஒரு ஹெக்டேரில் 3 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். எத்தனையோ ஊர்களுக்குத் தேவைப்படும் தூரமே அவ்வளவுதான். பெரிய மலைகளுக்குப் பெரிய அனுமதி வேண்டும்தான், அதுவும் கிடைக்காத ஒன்றில்லை. இயந்திரத்தைத் தலையில் சுமந்த அந்தப் போதமலைக்கே சுமார் 140 கோடி ரூபாயில் சாலைப் பணி எடுத்திருக்கிறார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அல்லேரியிலும் ஒரு குழந்தை போன பிறகு கோப்பு வேகம் பிடித்தது. கோப்பு நகர ஒரு சிறு உடல்தான் வேண்டுமா, ஐயா?

அதனால் அடுத்த முறை எழும்போது ‘ஆவன செய்யுமா’ என்று மட்டும் கேட்காதீர்கள். கிராமசபைத் தீர்மானம் எந்தத் தேதியில் வந்தது, இன்று யார் மேஜையில் இருக்கிறது என்று கேளுங்கள். அதே ஊருக்கு வாக்குப்பதிவு இயந்திரம் எந்த வழியாக ஏறியது, அந்த வழியில் ஸ்ட்ரெச்சர் வண்டி ஏற எத்தனை மாதம் ஆகும் என்று கேளுங்கள். வாக்குச்சாவடிக்கு 2 கிலோமீட்டர் என்று நெறி வகுத்த நாட்டில், மருத்துவருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். அமைச்சர் உங்கள் அக்கறையைப் பாராட்டுவார். உட்கார்ந்துவிடாதீர்கள்.

இதுவரை நான் சொன்ன ஒவ்வொரு புகழும் உண்மை. கழுதையும், டோலிக்காரரும், நர்சம்மாவும், அடிவாரத்து ஓட்டுநரும் அந்தப் புகழுக்குத் தகுதியானவர்கள். அவர்கள் அதைச் சம்பாதிக்க வேண்டிய நிலையில் அவர்களை விட்டுவைத்தவர்கள் நாம். உங்கள் கேள்விக்கு வேலையே இல்லாமல் போகும் ஆண்டில் நானே அந்த மலையூருக்கு ஜீப்பில் ஏறிப் போவேன். திண்ணையோரம் சாய்ந்திருக்கும் அந்த வழவழப்பான மூங்கிலை யாராவது அவரைப் பந்தலுக்குக் காலாக நட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து உங்களை இன்னொரு முறை புகழ்ந்து எழுதுகிறேன்.