இன்னும் 27 பாக்கி

ஆவடியில் ஏறிய ஒரு பெரியவர் என் நீலச் சட்டையை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மெட்ராஸ்ல குடியிருந்துக்கிட்டு மும்பைக்குக் கைதட்டுறியா?" என்றார். பெட்டியில் பாதிப் பேர் திரும்பினார்கள்.

"மும்பை இல்லீங்க. சென்னையின் எஃப்.சி. ஃபுட்பால். நம்ம ஊரு டீமு."

"அப்படியா? இந்த வருஷம் எத்தனாவது வந்தாங்க?"

"பதினொண்ணு."

"பதினோரு பேர் ஆடுவாங்கன்னு எனக்கும் தெரியும்பா. எத்தனாவது வந்தாங்கன்னு கேட்டேன்."

பெரம்பூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். 2025-இல் நடந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் 2024-25 சீசனைப் பற்றி எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த அணி ஏன் இப்படி ஆயிற்று என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லுமுன் ஒரு சின்னக் கணக்கு.

கணக்கு என்றதுமே உங்கள் கை போனைத் தேடியிருக்கும். மே மாதத்தில் கிரிக்கெட்டுக்காக நீங்கள் போடாததா? பஞ்சாப் தோற்கணும், டெல்லியில் மழை பெய்யணும், நாம் 12 ஓவரில் அடித்து முடிக்கணும். 2025-இல் சூப்பர் கிங்ஸ் 14 ஆட்டத்தில் நாலே வெற்றியோடு முதல்முறையாகப் பத்தாவது இடத்தில் உட்கார்ந்து, நமக்கு அந்தச் சிரமம் வைக்கவில்லை. கால்பந்து லீக்கில் அந்தக் கருணைகூடக் கிடையாது. 13 அணிகளில் ஆறு பேர் பிளே-ஆஃப் போகலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். பிப்ரவரி வரை பேப்பரும் பேனாவுமாக இருந்தேன். கடைசியில் ஆறாவதாக வந்த மும்பைக்கு 36 புள்ளி. நமக்கு 27.

இந்த 27-ஐத்தான் கொஞ்சம் பார்க்கணும். 24 ஆட்டம்: 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி. அதற்கு முந்தின சீசனில் 22 ஆட்டம்: 8 வெற்றி, 3 டிரா, அதே 11 தோல்வி. கூட்டிப் பாருங்கள், 27. ஆனால் அந்த வருஷம் அதற்கு ஆறாவது இடமே கிடைத்தது. பிளே-ஆஃப் போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றுத் திரும்பினார்கள். அதற்கும் முந்தின 2022-23? 20 ஆட்டம்: 7 வெற்றி, 6 டிரா, 7 தோல்வி. 27! எட்டாவது இடம். வருஷத்துக்கு ஓர் அணி லீக்கில் புதிதாகச் சேர்ந்தது. பஞ்சாப் வந்தது, முகமதன் வந்தது. ஆட்டம் இரண்டிரண்டாக ஏறியது. தாமஸ் பிரடாரிச் என்ற ஜெர்மன்காரர் போய் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்தார். 27 அசையவில்லை.

முதல் வருஷத்தையும் மூன்றாம் வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே 7 வெற்றி, அதே 6 டிரா. கூடுதலாக நாலு ஆட்டம் கொடுத்தார்கள். தோல்வியும் சரியாக நாலு கூடிற்று. நடு வருஷத்தில் தவறிப்போய் ஒரு வெற்றி அதிகமாகிவிட்டது. மறுவருஷமே அதைச் சில்லறை மாற்றி மூன்று டிராவாக வாங்கிக்கொண்டார்கள். எந்த ஆடிட்டர் வந்தாலும் ஒரு புள்ளி இடிக்காது.

யோசித்துப் பார்த்தால் 27 சும்மா வந்த எண்ணா? அஸ்வினி முதல் ரேவதி வரை நட்சத்திரம் 27. ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108. மூன்று சீசனில் 81 சேர்த்தாயிற்று. இன்னொரு சீசன் இதே மாதிரி ஆடிவிட்டால் 108 பூர்த்தி என்று கணக்குப் போட்டிருந்தேன். எங்கள் நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயில் அங்கேதான். இதைத் தற்செயல் என்கிறீர்களா? 2018-இல் பெங்களூருக்கே போய் அவர்களை 3-2 என்று வென்று கோப்பை வாங்கினார்களே, அடுத்த சீசனில் 18 ஆட்டத்துக்கு 9 புள்ளி, கடைசி இடம். மூவொன்பது எவ்வளவு? இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "தாம்பரம் பெரியம்மா வீட்டு விசேஷத்துக்கு மட்டும் ஒரு நாள் லீவு கிடைக்காது" என்ற பதில் சமையலறையிலிருந்து வந்தது. கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

காரணத்துக்கு வருகிறேன். சீசன் ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. புவனேஸ்வரம் போய் ஒடிசாவை 3-2 என்று அடித்தார்கள். அடுத்து நேரு ஸ்டேடியத்தில் நம் வீட்டு ஆட்டம். எதிரணி அந்த வருஷம்தான் லீக்குக்கு வந்த முகமதன். தோற்றோம், 1-0. அவர்களுக்கு அதுதான் லீக்கில் முதல் வெற்றி. சீசன் முடிவில் மொத்தமே 13 புள்ளியோடு கடைசி இடத்தில் நின்றார்கள். ஐந்தாவதாக முடித்த ஜாம்ஷெட்பூரையோ அவர்கள் ஊரிலேயே 5-1 என்று அடித்தோம். வசதியானவனைத் தேடிப் போய் அடிப்பது, இல்லாதவன் வாசலுக்கு வந்தால் எடுத்துக் கொடுப்பது என்று ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். நான் சொன்ன காரணம் அதுதான்.

இதை நேரில் பார்ப்பதும் லேசில்லை. நேரு ஸ்டேடியத்தில் காலரிக்கும் மைதானத்துக்கும் நடுவே ஓட்டப்பந்தயப் பாதை ஓடுகிறது. கோல் விழுந்தது நமக்கா அவர்களுக்கா என்பதை முன்வரிசைக்காரன் தலையில் கை வைப்பதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். ஏழரைக்கு ஆட்டம் தொடங்கினால் முடிய ஒன்பதரை. மூர் மார்க்கெட் ஸ்டேஷனுக்கு ஓடினால் முதலில் நிற்பது ஆவடி வண்டி. அதில் ஏறினால் ஆவடியோடு சரி. அடுத்து வருவது ஃபாஸ்ட். அது நெமிலிச்சேரியில் நிற்காது. வண்டலூரில் கிளம்பும் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டத்தையே எங்கள் ஊரில் கொண்டுவந்து முடித்தார்கள். லாரிக்காரனுக்கெல்லாம் தெரிந்த ஊர் ரயிலுக்கு மட்டும் தெரியாது.

அந்த ரயிலில் போகும்போது வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷன் வரும். ஊரெங்கும் கால்பந்து உருளும் இடம். 2018-இல் கோப்பை வாங்கிய அணியில் இருந்த தனபால் கணேஷ் அந்தப் பேட்டைப் பையன்தான். வருஷாவருஷம் கொலம்பியா, பிரேசில் என்று ஆள் தேடுகிறார்கள். தேடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஸ்டேடியத்திலிருந்து வியாசர்பாடி இரண்டு ஸ்டேஷன்தான் என்பதை யாராவது அபிஷேக் பச்சனிடம் சொல்லுங்கள். தோனியும் ஒரு பங்குதாரர்தானே, அவரிடமாவது சொல்லுங்கள். அவருக்கு 2025-இல் இரண்டு டீமிலும் ஒரே மாதிரி மனநிலை இருந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் 108-ஐ நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அதற்கும் 2025 ஜூலை 11-ஆம் தேதி வேட்டு வைத்துவிட்டார்கள். அடுத்த சீசன் அப்போதைக்கு நிறுத்திவைப்பு என்றார்கள். லீக்கை நடத்துபவர்கள் கால்பந்து சம்மேளனத்தோடு 2010-இல் போட்ட 15 வருஷ ஒப்பந்தம் அந்த டிசம்பர் 8-ஆம் தேதி முடிய இருந்ததாம். அதற்குப் பிறகு யார் நடத்துவது என்று தெரியாமல் ஆரம்பிக்க மாட்டோம் என்றார்களாம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டபோதே அதில் தேதி இருந்திருக்குமே? ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பதற்குக்கூட முன்கூட்டியே அலைகிற ஊர் இது.

நான் அப்போதே என் பங்கைச் செய்துவிட்டேன். 13 அணியே இருந்தால் 24 ஆட்டம்: 7 வெற்றி, 6 டிரா, 11 தோல்வி. கீழ் லீக்கான ஐ-லீக்கின் சாம்பியனும் மேலே வந்து 14 அணி ஆனால் 26 ஆட்டம்: 7 வெற்றி, 6 டிரா, 13 தோல்வி. இரண்டையும் நோட்டில் தனித்தனிப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். அந்த ஐ-லீக் சாம்பியன் சர்ச்சில் பிரதர்ஸா இன்டர் காசியா என்பதற்கே சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் அப்போது வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் சீக்கிரம் சொன்னால் ஒரு பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.