அட்டையைத் திருப்பிப் பாரு மருமவனே

மருமவனே, நீ ஜாஸ் கேக்க ஆரம்பிச்சிட்டேன்னு உங்க அத்தை சொன்னா. ரொம்ப சந்தோசம். அதுலயும் சாதாரண ஜாஸ் இல்லியாம்லா, பதினேழு பேரு சேந்து ஊதுத பிக் பேண்ட் ஜாஸாம். "எல்லாம் அசல் அமெரிக்க சரக்கு"ன்னு நீ நெஞ்ச நிமித்துனதையும் சொன்னா. உன் ரிக்கார்டு அலமாரியைப் புரட்டிப் பாத்தேன். மைக்கேல் பிரெக்கர், ஜான் ஸ்கோஃபீல்டு, மைல்ஸ் டேவிஸ். சந்தேகமே இல்ல, பூராவும் அமெரிக்கப் பேருதான். நீ புத்திசாலிப் பய. என்ன, அட்டையோட முன்பக்கத்தை மட்டும் படிக்கத் தெரிஞ்ச புத்திசாலி.

அந்த 'சம் ஸ்கங்க் ஃபங்க்'கை எடு. ரேண்டி பிரெக்கர், மைக்கேல் பிரெக்கர், அண்ணன் தம்பி ரெண்டு பேரு. 2003ல மேடையிலயே பதிஞ்சது. எந்த ஊரு மேடைங்கே? நியூயார்க்கா? லெவர்குசன் மருமவனே. ஜெர்மனில, ஆஸ்பிரின் மாத்திரைக்காரன் பாயர் கம்பெனி இருக்கிற ஊரு. அண்ணன் தம்பிக்குப் பின்னால உக்காந்து ஊதுனது பக்கத்து ஊரு கொலோன்ல உள்ள டபிள்யூ.டி.ஆர். ரேடியோவோட பிக் பேண்ட். 2007ல அதுக்கு கிராமி கிடைச்சுது, பெரிய குழு ஜாஸ் ஆல்பம்ங்கிற வகையில. அந்த விழாவுக்கு ஒரு மாசம் இருக்கும்போது தம்பிக்காரரு போய்ச் சேந்துட்டாரு, பாவம். சரி, பரிசு பெரிய குழுவுக்குன்னு குடுத்தான். நீ அந்தக் குழுவுல ஒருத்தன் பேரைச் சொல்லு பாப்போம்.

முழிக்காதே. வில்லுப்பாட்டு நோட்டீசுல புலவர் பேரு பெருசா இருக்கும், குடம் அடிக்கவன் பேரு இருக்கவே இருக்காது. அந்தக் கதைதான். நானே சொல்லுதேன், எழுதிக்க. அந்தக் கொலோன் குழுவுல பாஸ்காரரா இருந்தவரு ஜான் கோல்ட்ஸ்பி. அவரும் அமெரிக்காக்காரர்தான், லூயிவில்லுல பிறந்தவரு. 1994ல கொலோனுக்கு வந்து சம்பளத்துல சேந்தவரு. சம்பளத்துல சேந்துட்டா அமெரிக்காக்காரனா இருந்தாலும் பேரு பொடி எழுத்துல போயிருது, பாத்துக்க.

சம்பளம்னதும் உனக்கு முகம் மாறுது. ஆமா, மாசச் சம்பளந்தான். கொலோன், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட்னு நாலு ஊரு பொது ரேடியோவும் ஆளுக்கொரு பிக் பேண்டை வச்சிச் சோறு போடுதான். பணம் எங்கேருந்துங்கே? 2021லேருந்து வீட்டுக்கு மாசம் 18.36 யூரோ. வீட்டுல ரேடியோப் பெட்டி இருந்தாலும் கட்டணும், இல்லேன்னாலும் கட்டணும். ஜாஸ்னு கேட்டாலே காதைப் பொத்துத கிழவியும் கட்டுதா. காசு குடுக்கிறவ கேக்க மாட்டா. கேக்கிற நீ ஒரு சென்ட் குடுத்ததில்ல. நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லல.

இந்தச் சம்பளம் என்ன செய்யுதுன்னு யோசிச்சிருக்கியா? அடுத்த மாச வாடகைக்கு ஓடுத பதினேழு பேரைப் பிடிச்சு நாள்பூரா ஒத்திகை பாக்க முடியுமா? அங்க முடியுது. சாக்சஃபோன்காரன் பாதிப் பாட்டுல அதைக் கீழ வச்சிட்டு புல்லாங்குழலை எடுப்பான், கிளாரினெட்டை எடுப்பான். வின்ஸ் மெண்டோசா மாதிரி ஒருத்தரு முழுக் குழுவுக்கும் எழுதிக் குடுத்ததை உக்காந்து பழகுவான். பேரு பெத்த விருந்தாளி வந்து இறங்கித் தன் பங்கை மட்டும் வாசிச்சிட்டு விமானம் ஏறிருவாரு. மெண்டோசாவும் அமெரிக்கரு, ஒத்துக்கிடுதேன். 2005லேருந்து 2013 வரைக்கும் ஹாலந்துல மெட்ரோபோல் ஆர்கெஸ்ட்ராவுக்கு அவருதான் தலைமை. வயலின்காரங்களையும் சேத்தா அம்பது பேருக்கு மேல. உன் ஸ்கோஃபீல்டோட '54' அவங்க கூடப் போட்டதுதான்.

மைல்ஸ் டேவிசையாவது விட்டு வைங்க மாமாங்கே. விட மாட்டேன். 'ஔரா' எங்க பதிஞ்சது? கோபன்ஹேகன்ல, 1985ல, டென்மார்க் ரேடியோ பிக் பேண்டோட. எழுதுனவரு பாலே மிக்கல்போர்க், அந்த ஊரு ட்ரம்பெட்காரரு. ஆங்கிலத்துல மைல்ஸ் டேவிஸ்னு எழுதுனா வருத பத்து எழுத்துக்கும் ஒவ்வொரு சுரம் வச்சி, அதுலேருந்து முழுசையும் கட்டுனாரு மனுசன். மஞ்ச, சிவப்பு, பச்சைன்னு பகுதிகளுக்கு நிறத்தோட பேரு. அமெரிக்கக் கம்பெனி அதை நாலு வருசம் மூடி வச்சிட்டு 1989லதான் வெளியிட்டான். வந்ததும் கிராமி. அதே குழுவை நடத்த நியூயார்க்குலேருந்து போன தாட் ஜோன்ஸ் 1986ல கோபன்ஹேகன்லயே கண்ணை மூடுனாரு. அமெரிக்கச் சரக்குங்கியே, சரக்கு செஞ்ச ஆளே அங்க போய்த்தான் குடியிருந்திருக்காரு.

ரொம்பக் கொண்டாடவும் வேண்டாம். அரசாங்கக் காசு இன்னைக்கி இருக்கும், நாளைக்கி இருக்காது. மாத்தியாஸ் ருயெக் 1977ல தொடங்கின வியன்னா ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவை 2010ல பணமில்லாம மூடிட்டாங்க. 2013ல ஹாலந்து அரசாங்கம் ரேடியோ இசைக்கான மானியத்தை வெட்டுனப்ப மெட்ரோபோல் தனியாப் பிரிஞ்சு ஒரு வழியாப் பிழைச்சுது. ரெண்டு வருசத்துல ஸ்னார்க்கி பப்பிங்கிற குழுவோட சேந்து 'சில்வா' போட்டு கிராமியும் வாங்கிட்டு. வெட்டுன மந்திரி வாழ்த்துச் சொன்னானாங்கிறது எனக்கு வேண்டாத சோலி.

இன்னொரு ரிக்கார்டு உன்கிட்ட இல்ல, வாங்கி வை. 'அவர் சீக்ரெட் வேர்ல்ட்', 2010. கிட்டார் கர்ட் ரோசன்விங்கல், குழு மத்தோசின்யோஸ் ஜாஸ் ஆர்கெஸ்ட்ரா. போர்ச்சுகல்ல போர்த்தோவுக்குப் பக்கத்துல மத்தி மீன் பிடிக்கிற துறைமுகம் அது. உன் அமெரிக்கரு அங்க போயித்தான் தன் பாட்டுகளுக்குப் பெரிய சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டாரு. அதை நீ எந்தத் தட்டுல வைப்பேன்னு எனக்குத் தெரியும், ரோசன்விங்கல்னுதான் வைப்பே.

அதுக்கு முன்னால 'பிரவுன் ஸ்ட்ரீட்' கேளு. வியன்னாவுல பிறந்து அமெரிக்கா போயி பேரெடுத்த ஜோ சாவினுல், 2005ல திரும்பவும் வியன்னாவுல, தன் சொந்த கிளப்புல, கொலோன் குழுவை உக்கார வச்சி வாசிச்சது. அவரு தனியா வாசிக்கும்போது நீ அவரைக் கேக்காதே. பின்னால டிராம்போன்காரங்க நாலு பேரு என்ன பண்ணுதாங்கன்னு மட்டும் கேளு. கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு. ராத்திரி ஒம்பது மணிக்குள்ள வா, பொறவு நான் தூங்கிருவேன்.